ஏற்காட்டில் ஏஎஸ்/400 நிரலாளர்கள் கூடத்தான் வேண்டுமா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் இருந்தபடியே பெங்களூருக்கும் சென்னைக்கும், ஏஎஸ்/400 என்ற ஐபிஎம் வணிகக் கணினிக்கான ஆர்பிஜி மொழியில் நிரல் எழுதிக் கொடுப்பவர்கள் எனக்குத் தெரிந்தே பதினொரு பேர் இருக்கிறோம். அம்மாப்பேட்டையில் ஒருவர், அஸ்தம்பட்டியில் இருவர், ஆத்தூரில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கிறோம். இத்தனை ஆண்டுகளில் நான் நேரில் பார்த்துப் பேசியது மூன்று பேரைத்தான். மற்றவர்கள் கைப்பேசியில் வரும் குரல்கள்.

வருகிற ஜனவரியில் இரண்டு நாள் ஏற்காட்டில் கூடலாம் என்பது என் யோசனை. கோடை விழாக் கூட்டம் இருக்காது. சென்னையிலிருந்து வருபவர்கள் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் சேலத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து மலைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். தங்கல், சாப்பாடு, அரங்கம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 4,000 ரூபாய் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

புதிதாக வந்திருக்கும் இளையவர்களுக்காக இரண்டு வரி. ஐபிஎம் ஏஎஸ்/400 என்ற இந்த இயந்திரத்தை 1988 ஜூன் 21 அன்று அறிமுகப்படுத்தியது. பிறகு ஐசீரிஸ், சிஸ்டம் ஐ என்று பெயர்கள் மாறின. 2008 முதல் இயங்குதளத்தின் பெயர் ‘ஐபிஎம் ஐ’. நம் வாயில் இன்னும் ஏஎஸ்/400தான். ஆர்பிஜி மொழி இயந்திரத்துக்கும் மூத்தது, 1959-இல் பிறந்தது. இந்தக் கணினிகளைப் பயன்படுத்துவோரின் சங்கமான ‘காமன்’ அமெரிக்காவில் 1960-இல் தொடங்கியது. இன்றும் ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகிறது. ஐபிஎம் அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்று எடுத்துச் சொல்வதற்கென்றே அதில் ஓர் ஆலோசனைக் குழு உண்டு. நான் அவ்வளவு பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒருவர் நிரலை இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க நமக்கு இரண்டு நாள் வேண்டும், அவ்வளவுதான்.

பச்சைத்திரை

செவ்வாய்ப்பேட்டையார் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த யோசனையை எதிர்க்கிறேன்.

முப்பது ஆண்டுகளாக இதே தொழில். மூன்று மாநாடுகளுக்குப் போயிருக்கிறேன், மூன்றும் வெளியூரில். காலையில் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். அப்புறம் ஒரு விற்பனையாளர் தன் மென்பொருளைக் காட்டுவார், சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொருவர் காட்டுவார். கையில் ஒரு பை, ஒரு பேனா. திங்கட்கிழமை காலையில் திரைமுன் உட்கார்ந்தால் வெள்ளிக்கிழமை விட்ட இடத்திலேயேதான் நின்றேன்.

அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை. கையேடுகள் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தன, விஷயம் தெரிந்தவரை ஊர் ஊராகத் தேட வேண்டியிருந்தது. இன்று ஐபிஎம்மின் கையேடுகள் இணையத்தில் திறந்தே இருக்கின்றன. பப்400 என்ற பொதுச் சேவையகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கணக்கு வாங்கி ஆர்பிஜி எழுதிப் பழகலாம். நிரல் எழுதும் மென்பொருளான விஎஸ் கோடில் சேர்த்துக்கொள்ள இலவச நீட்சி வந்துவிட்டது, எழுத்து மட்டுமே தெரியும் நம் பழைய பச்சைத் திரையே பிடிக்காத பிள்ளைகள்கூட அதில் எழுதுகிறார்கள். இவ்வளவும் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு 20 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் கற்க வேண்டுமா?

பணம் இன்னொரு விஷயம். 4,000 ரூபாயும் இரண்டு நாள் விடுப்பும் நம்மில் பலருக்குச் சிறிய தொகை அல்ல. நிறுவனம் செலவு ஏற்கிறவர்கள் வருவார்கள். சொந்தக் காசில் வர வேண்டியவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். உண்மையில் அவருக்குத்தான் உதவி தேவை.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

சார், நீங்கள் போன மாநாடுகள் அப்படித்தான் இருந்திருக்கும், மறுக்கவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விநியோக நிறுவனத்தின் இரவு நேரப் பில் வேலை என் பொறுப்பில் இருந்தது. மாதத்துக்கு நாலைந்து முறை பாதியில் நின்றுவிடும். இயந்திரத்தில் ஓடும் வேலைகளின், அதாவது ஜாப்களின், பட்டியலைத் திறந்தால் அதன் நிலை ‘எம்எஸ்ஜிடபிள்யூ’ என்றிருக்கும். யாராவது பதில் சொல்லும் வரை நகர மாட்டேன் என்று அதற்குப் பொருள். உள்ளே போனால் ஆர்என்கியூ1218 என்ற பிழைச் செய்தி, அதாவது வாடிக்கையாளர் கோப்பில் ஒருவருடைய பதிவு (ரெக்கார்டு) கைக்குக் கிடைக்கவில்லை. நான் தூக்கத்திலிருந்து எழுந்து ‘ஆர்’ என்று பதில் தட்டுவேன். மறுபடி முயன்று ஓடிவிடும்.

இணையத்தில் நான் கேட்ட கேள்வி இது: இந்தச் செய்திக்குத் தானாகவே ‘ஆர்’ என்று பதில் போக என்ன செய்வது? மிகச் சரியான பதில் வந்தது. தானியங்கிப் பதில் பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தேன். அதன் பிறகு ஜாப் நிற்கவில்லை. ஒவ்வொரு நிமிடமாகக் காத்துக் காத்து விடிய விடிய ஓடியது.

அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு சிறு கூட்டம், இருபது பேர்கூட இல்லை. தேநீர் இடைவேளையில் என் கதையைக் கேட்ட ஒரு பெரியவர் தீர்வு எதுவும் சொல்லவில்லை. “அந்த நேரத்தில் அந்த வாடிக்கையாளரை வேறு யார் திறந்து வைத்திருப்பார்கள்?” என்று கேட்டார். கிடங்கில் இரண்டாம் ஷிஃப்டில் ஒரு பையன் முகவரி பார்ப்பான் என்றேன். “பார்க்க மட்டும்தானே? அந்தத் திரையின் நிரலைக் காட்டுங்கள்.” மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். கோப்பு, மாற்றி எழுதுவதற்கான முறையில் திறக்கப்பட்டிருந்தது. அப்படித் திறந்த கோப்பில் ‘செயின்’ என்ற கட்டளை, ரெக்கார்டைப் படிக்கும்போதே பூட்டியும் விடும். பையன் திரையை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போவான். இரவு வேலை வந்து 60 வினாடி காத்து நிற்கும். கோப்பை உருவாக்கும்போது நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அதுதான் கெடு. பிறகு கையை விரித்துவிடும்.

பெரியவர் ‘செயின்’ பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘என்’ என்ற ஓர் எழுத்தைச் சேர்க்கச் சொன்னார். பூட்டாமல் படி என்று அர்த்தம். முகவரியை மாற்றும்போது மட்டும், எழுதுவதற்கு முன்னால் பூட்டிப் படிக்க இன்னொரு வரி. வேலை முடிந்தது.

அந்த ‘என்’ கையேட்டில் இருக்கிறது, எனக்கும் முன்பே தெரியும். ஆனால் நான் மாதக்கணக்கில் இரவு நிரலையே புரட்டிக்கொண்டிருந்தேன், நோய் கிடங்குத் திரையில் இருந்தது. கேட்டதற்கு இணையம் பதில் கொடுத்தது. நீ கேட்பதே வேறு என்று சொல்ல, கையில் டம்ளரோடு ஒருவர் எதிரில் நின்றார்.

ஐந்துரோடு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஒரு நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மேலே உள்ள கதையில் எல்லோருக்கும் அந்த ‘என்’ கண்ணில் பட்டிருக்கும். எனக்கு அந்த மடிக்கணினிதான் பட்டது.

முதலாளியின் நிரலை அறிமுகமில்லாத ஒருவரிடம் திறந்து காட்டியிருக்கிறீர்கள். வேலைக்குச் சேரும்போது போட்ட கையெழுத்து எதற்கு? எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு தள்ளுபடி என்பது அந்த நிரல்களில்தான் எழுதியிருக்கிறது. கோப்பைத் திறந்தால் பெயர், முகவரி, கைப்பேசி எண். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே இயற்றிவிட்டார்கள். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் தவறு தவறுதான். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதுவரை என் பிரிவிலிருந்து ஒருவரையும் அனுப்ப மாட்டேன், இடம் ஏற்காடாக இருந்தாலும் சரி, ஐந்து ரோடாக இருந்தாலும் சரி.

கன்னங்குறிச்சி மகள்

நான் இந்தத் தொழிலுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நெடுவரிசைக் கட்டுப்பாடு இல்லாத புதிய வடிவ ஆர்பிஜிதான் எனக்குக் கற்றுக் கொடுத்தார்கள், 2013-க்குப் பிறகு வந்தது. அலுவலகத்தில் கையில் கொடுத்ததோ, எந்த நெடுவரிசையில் எந்த எழுத்து வர வேண்டும் என்று கட்டிப்போட்ட பழைய வடிவம். மாறிகளின் பெயர் ஆறு எழுத்துக்குள் அடங்க வேண்டும். நிபந்தனைகளுக்கெல்லாம் 01 முதல் 99 வரை எண் வைத்த இண்டிகேட்டர்கள், விளக்குபோல எரியும் அல்லது அணையும் அடையாளங்கள்.

எங்கள் நிரலில் 47 என்று ஓர் இண்டிகேட்டர் இருந்தது. அது எரிந்தால் பில் அச்சாகாது. ஏன் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பச்சைத்திரை சார், எந்தக் கையேட்டில் இதைத் தேடுவது? எழுதியவர் மனதில் என்ன நினைத்தாரோ அதுதான் 47-க்குப் பொருள். அவர் ஓய்வு பெற்றுச் சூரமங்கலத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போனேன். காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். எப்போதோ ஒரு பெரிய வாடிக்கையாளரின் காசோலை திரும்பி வந்ததாம். அப்படிப்பட்டவர்களுக்குச் சரக்கு போகாமல் நிறுத்த அன்று மாலையே அவசரமாக வைத்த தடை அது. அந்த வாடிக்கையாளர் கடையை மூடியே பல ஆண்டுகள் ஆகின்றன.

ஆகவே நேரில் கூட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் செவ்வாய்ப்பேட்டை அண்ணா, ஏற்காட்டில் இரவு தங்குவது என்றால் என்னால் வர முடியாது. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. இதே வேலையில் இருக்கும் என் தோழிகள் மூவரும் வர மாட்டார்கள். வீட்டில் கேட்கும் முதல் கேள்வியே எங்கே தங்குவாய் என்பதுதான். சேலத்திலேயே, புதிய பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு சனிக்கிழமை காலை பத்து முதல் மாலை ஐந்து வரை வையுங்கள். நாங்கள் நான்கு பேரும் வருவோம்.

காப்பித்தோட்டம்

நான் ஏற்காட்டில் இருந்தே வேலை பார்ப்பவன். என் ஊருக்கு நீங்கள் எல்லோரும் வந்தால் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி! இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். காற்றும் மழையும் சேர்ந்துகொண்டால் என் வீட்டில் இணைப்பு அறுந்துவிடும், திறந்திருந்த 5250 திரையும், அதாவது அந்தப் பச்சைத் திரையும், அதோடு போய்விடும். நிரலை ஓட்டிப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் நானே கீழே இறங்கி வருகிறேன்.

பச்சைத்திரை

தங்கை சொன்ன 47 என்னை இரவெல்லாம் யோசிக்க வைத்தது. சூரமங்கலத்துப் பெரியவர் சொன்னதை எங்காவது எழுதி வைத்தாயா அம்மா? நிரலில் அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பாவது போட்டாயா? போடாவிட்டால் இன்னும் இருபது ஆண்டு கழித்து இன்னொரு பெண் உன் வீட்டுக் கதவைத் தட்டுவாள்.

என் எதிர்ப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. கூட்டங்களில் நல்ல பேச்சு நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. நடந்த பேச்சு அந்த அறையை விட்டு வெளியே வருவதில்லை. பெங்களூரில் அந்தப் பெரியவர் சொன்னதை அன்று யாராவது நம் மொழியில் நான்கு பத்தி எழுதியிருந்தால், அதே 1218-இல் நான் மூன்று இரவுகளைத் தொலைத்திருக்க மாட்டேன். ஆம், எனக்கும் வந்தது, அதே பூட்டுதான். உங்கள் அறையில் இருபது பேருக்குத் தெரிந்தது, வெளியே இருந்த எனக்குத் தெரியவில்லை. வர முடியாதவனின் இடத்தில் நின்று இதைப் பாருங்கள்.

கூடினால் முழுவதையும் கேமராவில் பதிவு செய்து இணையத்தில் போடுங்கள். இல்லையென்றால் என் ஆதரவு இல்லை.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

மலை வேண்டாம். கன்னங்குறிச்சித் தங்கை சொன்ன பிறகு அதில் வாதாட எனக்கு எதுவும் இல்லை. சேலத்தில் ஒரு சனிக்கிழமை, அறை வாடகையைப் பகிர்ந்துகொண்டால் தலைக்கு 300 ரூபாய் ஆகலாம். மாலையில் தட்டுவடை செட் என் செலவு.

ஐந்துரோடு சார் சொன்னது சரி. அன்று நான் மடிக்கணினியைத் திறந்தது தவறு, ஒப்புக்கொள்கிறேன். வருகிறவர்கள் தங்கள் சிக்கலைப் பப்400-இல் சின்னதாக, புதிதாக எழுதிக்கொண்டு வரட்டும். வாடிக்கையாளர் பெயர் முதல் விலை வரை எல்லாம் கற்பனை. நிறுவனத்து நிரலில் ஒரு வரிகூட வேண்டாம்.

எல்லோரும் சேர்ந்து பார்க்க ஒரு பொருளும் வைத்திருக்கிறேன். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதினால் நம் இயந்திரம் 40 முதல் 99 வரையை 1900-களாகவும், 00 முதல் 39 வரையை 2000-களாகவும் எடுத்துக்கொள்ளும். பழைய கோப்புகளில் ஆறு இலக்கத் தேதிகள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். 2025-இல் கொடுத்த 15 ஆண்டுக் கடன் 2040-இல் முடிகிறது. அந்தத் தேதியை அப்படி எழுதி வைத்தால் கடன் 1940-இல் முடிந்துவிட்டது என்று நிரல் நினைக்கும். இதை அவரவர் தனியாகக் கண்டுபிடித்துத் தனியாகத் திருத்த வேண்டுமா?

கேமராவுக்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன். தானியங்கிப் பதில் போட்டு ஜாப்பை விடிய விடிய ஓடவிட்ட கதையைக் கேமரா முன்னால் நான் சொல்லியிருக்கவே மாட்டேன். அடுத்த வேலைக்கு நேர்காணல் வைக்கிறவர் பார்ப்பாரே என்ற பயம் வரும். செய்த தவறை மறைத்துப் பேச வேண்டியிருந்தால் கூடுவதில் பயனே இல்லை.

ஐந்துரோடு

கற்பனைத் தரவு, புதிதாக எழுதிய நிரல் என்றால் இரண்டு பேரை அனுப்புகிறேன், அன்று அவர்களுக்கு விடுப்பு கழிக்க மாட்டேன். எங்கள் கோப்புகளிலும் ஆறு இலக்கத் தேதிகள் இருக்கின்றன.

பச்சைத்திரை

கேமரா விஷயத்தில் நான் சொன்னதில் மாற்றம் இல்லை. இத்தனை கதைகள் இங்கே ஊரறிய எழுதப்பட்டுவிட்டன, ஒருவருடைய வேலையும் போகவில்லை. அதை அன்றைக்கு நேரிலேயே பேசிக்கொள்வோம்.

அதுவரை எழுதும் பொறுப்பை என்னிடம் விடுங்கள். யார் சொன்னார் என்ற பெயர் வராது, சிக்கலும் தீர்வும் மட்டும் தமிழில் வரும். 1218 பற்றிய முதல் பக்கத்தை இன்றிரவே தொடங்குகிறேன். செவ்வாய்ப்பேட்டையாரே, முகவரியை மாற்றும்போது பூட்டிப் படிக்கிற அந்த இரண்டாவது வரியை நீங்கள் எழுதியபடியே அனுப்புங்கள். இடையில் வேறொருவர் அதே முகவரியை மாற்றியிருந்தால் என்ன ஆகும் என்று அதில் பார்க்க வேண்டும்.