அப்பாவின் இருமலும் நுரையீரலின் இன்னொரு வேலையும்

குலசேகரம் பக்கம் எங்களுக்குச் சிறிய ரப்பர் தோட்டம் இருக்கிறது. ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் அப்பா நாற்பது ஆண்டுகள் புழங்கியவர் என்பதால், அவருக்கு வறட்டு இருமல் தொடங்கியபோது வீட்டில் எல்லோரும் புகையின் மீதே பழியைப் போட்டோம். சுக்கும் கருப்பட்டியும் ஆடாதோடையும் மாறி மாறிக் கொடுத்தும் இரண்டு மாதம் இருமல் நிற்கவில்லை. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தென்படவில்லை. நாகர்கோவிலில் பார்த்த மருத்துவர்தான் முதலில் மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இரத்த அழுத்தத்துக்காக அப்பா எனலாப்ரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை மாற்றி லோசார்டான் எழுதினார். மூன்றாவது வாரத்தில் இருமல் அடங்கியது.

அழுத்த மாத்திரைக்கும் இருமலுக்கும் என்ன உறவு என்று கேட்டேன். இதயத்தின் வலப்பக்கம் வெளியேற்றும் இரத்தம் முழுவதும் ஒவ்வொரு சுற்றிலும் நுரையீரல் வழியாகத்தான் போயாக வேண்டும். அங்குள்ள நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் இருக்கும் ஒரு நொதி, ஆஞ்சியோடென்சின் ஒன்று என்னும் வலுவற்ற பொருளை, இரத்தக் குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் இரண்டாக மாற்றுகிறது. அதே நொதி, இரத்தக் குழாய்களை விரிக்கும் பிராடிகைனின் என்னும் பொருளைச் சிதைக்கவும் செய்கிறது. எனலாப்ரில் அந்த நொதியைத் தடுப்பதால் அழுத்தம் குறைகிறது, ஆனால் சிதையாமல் தேங்கும் பிராடிகைனின் மூச்சுக்குழாய் நரம்புகளைச் சீண்டி இருமலை வரவழைக்கிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஆஞ்சியோடென்சின் நுரையீரலில் மாறுவதை 1967இல் பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன் குழுவினர் காட்டினார்கள். பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்த வழியில்தான் இவ்வகை மாத்திரைகளுள் முன்னோடியான கேப்டோபிரில் பிறந்தது என்பது எனக்குப் புதிய செய்தி.

நுரையீரலும் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை சோதனைச் சாவடியைப் போலத்தான், எல்லாவற்றையும் நிறுத்துவதில்லை. இரத்தத்தில் வரும் உடலின் வேதித் தூதுப் பொருள்களில் செரோடோனினை ஏறக்குறைய முழுவதுமாகப் பிடித்துக்கொள்கிறது. நார்அட்ரினலினில் சுமார் 30 சதவீதத்தை எடுக்கிறது. அதன் உடன்பிறப்பு போன்ற அட்ரினலினையோ ஏறிட்டும் பாராமல் விட்டுவிடுகிறது.

மறுமொழி, தக்கலையிலிருந்து:

ஐயா, நான் அறுவை அரங்கில் செவிலியராக இருந்தவள். நரம்பில் செலுத்தும் ஃபென்டனில் என்னும் வலியடக்கி மருந்தின் பெரும்பகுதியை நுரையீரல் முதல் சுற்றிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு இரத்தத்துக்கே திருப்பிவிடும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். செரோடோனினைப் போல அது அங்கே சிதைவதில்லை, சற்றுத் தங்கிப் போகிறது, அவ்வளவுதான். உங்கள் அப்பாவின் சீட்டில் எனலாப்ரில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதே இனத்து ராமிப்ரிலும் லிசினோப்ரிலும் அந்த இருமலைத் திரும்பக் கொண்டுவரக்கூடும்.