புதுப்பிப்பு: அம்மாவின் கண், ஆறு வாரம் கழித்து

குளுக்கோமாவுக்கு (கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) செய்த சத்திரசிகிச்சையில், கண்ணுக்குள்ளிருக்கும் நீர் வடியத் திறந்த வழி தழும்பு விழுந்து அடைபடாமலிருக்க என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். கண் அழுத்தம் 28இலிருந்து 13க்கு இறங்கிவிட்டது!

சத்திரசிகிச்சையின்போதே தழும்பு விழாமல் தடுக்கும் மைட்டோமைசின் மருந்தில் நனைத்த பஞ்சைச் சில நிமிடம் வைத்துக் கழுவினார்களாம். இந்தச் சத்திரசிகிச்சையில் காயம் சீக்கிரம் ஆறினால்தான் ஆபத்து, வழி அடைபட்டுவிடும். மிச்சம் ஸ்டீராய்டு சொட்டு மருந்தின் கையில். முதலில் இரண்டு மணிக்கொருதரம், இப்போது நாளுக்கு நான்கு. சிவப்புக் குறைந்ததும் அம்மா நிறுத்தப் பார்த்தார், நான் விடவில்லை.

மேல் இமையைத் தூக்கினால் வெள்ளைவிழியில் பனித்துளி மாதிரி ஒரு சின்னப் புடைப்பு. நீர் வடிகிற இடம் அதுதான். அது தட்டையாகி அழுத்தம் ஏறினால் தழும்பைத் தடுக்க ஊசி போடலாம் என்றார் டொக்டர்.

புதுக்குடியிருப்பில் இப்போது நெல் சூடடிப்பு. தூசிக்குப் பயந்து கண்ணாடி போடாமல் அம்மாவை முற்றத்துக்கும் விடுவதில்லை. கண் சிவந்து பீளை கட்டினால் அன்றைக்கே பஸ் ஏறுவோம்.