‘சரிங்க டாக்டர்’ என்று தலையாட்டியவர் வீட்டில் செய்தது என்ன? பல் பராமரிப்பு அனுபவப் பகிர்வு

ஈறு மருத்துவர், மதுரை

“புரிஞ்சுதா?” என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. கேள்வியை மாற்றி, “வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போறீங்க, செஞ்சு காட்டுங்க” என்று பிரஷ்ஷைக் கையில் கொடுத்தால்தான் விஷயம் வெளியே வரும்.

ஈறில் ரத்தம் என்று வருகிறவர்களைத் தேய்த்துக் காட்டச் சொன்னால், ரத்தம் வரும் இடத்தை மட்டும் பத்திரமாகத் தாண்டிப் போவார்கள். “புண்ணுல போய் எப்படிங்க தேய்க்கிறது?” அவர்கள் கணக்கில் அது நியாயம்தான். ஆனால் அங்கே இருப்பது பிரஷ் குத்திய புண் இல்லை. ஈறோரத்தில் படிந்த கிருமிப் படலத்தால் வந்த வீக்கம். தேய்க்காமல் விட விட அது கூடும். 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஈறு நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோ குழுவினர், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போலத் தணிந்துவிட்டது. இதை அப்படியே கதையாகச் சொன்னால் நோயாளிகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ‘பிளேக்’ என்று அந்தப் படலத்தின் ஆங்கிலப் பெயரில் ஆரம்பித்தால் முகம் வெறிச்சோடிவிடுகிறது.

காட்டிக்கொடுக்க வேண்டியது இவ்வளவுதான். ‘சாஃப்ட்’ பிரஷ். நார்கள் பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி 45 டிகிரி சாய்வு. இரண்டு பல்லுக்கு ஒருமுறை, இடத்தை விட்டு நகராமல் பத்துத் தடவை லேசான அதிர்வு, பிறகு ஈறிலிருந்து பல் நுனியை நோக்கி ஒரு வழிப்பு. கீழ் முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது என்பதால் காரை (படலம் இறுகிக் கல்லாவது) முதலில் கட்டுவதும் அங்கேதான். மொத்தம் 2 நிமிடம். இப்படி இரண்டு வாரம் தேய்த்தும் ரத்தம் நிற்கவில்லையென்றால் ஈறுக்கு அடியில் காரை இருக்கிறது; அதற்குப் பிரஷ் எட்டாது.

பல் சுகாதார உதவியாளர், திருச்சி

அந்தக் காரையை எடுக்கச் சொன்னால் வரும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “கிளீன் பண்ணினா பல்லு ஆடும்னு சொன்னாங்க.” சொன்னவர் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார். எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லைக் காரை சிமெண்ட் பூசியதுபோலப் பிடித்து வைத்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் தெரியும், சந்து தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கும். இந்த மூன்றையும் சுத்தம் செய்வதற்கு *முன்பே* கண்ணாடியில் காட்டிச் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் அது சமாதானமாகத்தான் கேட்கும்.

சர்க்கரை நோயாளிக்குக் கூடுதலாக ஒன்று: சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு ஆறாது, ஈறில் அழற்சி இருந்தால் சர்க்கரையும் எளிதில் இறங்காது. “சிகிச்சைக்கு வர்றோமே” என்று வெறும் வயிற்றோடு வந்து நாற்காலியில் மயங்குகிறவர்கள் உண்டு. காலையில் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையும் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

பல் மருத்துவர், தருமபுரி

எங்கள் பக்கத்துக் குழப்பமே வேறு. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், காவிப் பல் வீட்டுக்கு வீடு உண்டு. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆகவே, “ஃப்ளோரைடு பேஸ்ட்டே வேண்டாம் சார், பல்லு இன்னும் காவியாயிடும்” என்கிறார் நாற்பது வயதுக்காரர்.

காவிக் கறை பல் உருவாகும்போது விழுவது. ஏறக்குறைய எட்டு வயதோடு அந்தக் காலம் முடிகிறது, கடைவாய் ஞானப்பல் மட்டும் விலக்கு. முளைத்து நிற்கும் பல்லில் பேஸ்ட் தேய்த்துத் துப்புவதால் அந்தக் கறை வராது. பெரியவர்கள் கவனிக்க வேண்டியது குடிக்கிற தண்ணீரை: லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பில் போய் நிற்கும். இங்கே விற்கும் பேஸ்ட்டில் ஃப்ளோரைடுக்கு 1000 பிபிஎம் உச்சவரம்பு, அதாவது ஒரு கிராமில் 1 மி.கி. பட்டாணி அளவு பேஸ்ட் அதில் பாதிகூட வராது, அதையும் துப்பிவிடுகிறோம். குழந்தை விழுங்கும், அதனால் மூன்று வயதுக்குள் அரிசியளவு போதும்.

துப்பிய பிறகு நாலு மடக்குத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிப்பதுதான் பெரிய விரயம். பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடு வாஷ்பேசினில் போகிறது. துப்பினால் போதும். இரவில் துலக்கியபின் இது இன்னும் முக்கியம், தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

(பேஸ்ட் டியூபின் அடியில் உள்ள பச்சைக் கட்டம் மூலிகை, கறுப்புக் கட்டம் கெமிக்கல் என்று இன்னமும் வாட்ஸப்பில் சுற்றுகிறது. அது டியூபை எங்கே வெட்டி மூட வேண்டும் என்று இயந்திரத்துக்குக் காட்டும் அடையாளம், அவ்வளவே.)

மருந்தாளுநர், சேலம்

பல்வலிக்கு முதலில் வருவது எங்கள் கவுண்டருக்குத்தான். “பல்வலி மாத்திரை ரெண்டு குடுங்க.” பெயர் தெரியாது, நிறம் தெரியும். ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரையை ஒருவர் வாங்கிப் போகிறார். வீட்டில் காய்ச்சலுக்கு வைத்திருந்த பாராசிட்டமால் 650-ஐயும் சேர்த்துப் போடுகிறார், அது வேறு மாத்திரை என்ற நினைப்பில். ஒரு வேளைக்கு 975, நாலு வேளைக்கு 3900 மி.கி. நல்ல உடம்புக்காரருக்கே ஒரு நாள் உச்சம் 4000. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அதற்கும் குறைவு. ஐபுப்ரோஃபெனோடு டைக்ளோஃபெனாக்கையும் சேர்ப்பவர்கள் ஒரே இனத்து மருந்தை இரண்டு பெயரில் விழுங்குகிறார்கள்; அடிபடுவது வயிறும் சிறுநீரகமும். மாத்திரையை அட்டையில் குத்துமதிப்பாக வெட்டிக் கொடுக்கும்போது மருந்தின் பெயர் இருக்கும் பகுதி எங்களிடமே தங்கிவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உறையில் பெயரை எழுதிக் கொடுக்கலாமே.

இரண்டாவது, அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக். “ரெண்டு நாள் போட்டேன், வலி போயிடுச்சு.” வலி போனது பல்லின் நரம்பு செத்ததால். பல்லுக்குள் நரம்பு இருக்கும் கூழ் செத்தபின் அதற்குள் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே போய்ச் சேரவே சேராது. தாடைக்கு அடியில் வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், காய்ச்சல் என்று யாராவது கவுண்டரில் நின்றால் மாத்திரை கொடுக்காதீர்கள். வீக்கம் மூச்சுக்குழலை அடைக்கலாம். பெரிய ஆஸ்பத்திரி, உடனே.

செவிலியர், பல் அறுவைப் பிரிவு

பல் பிடுங்கியபின் “பஞ்சைக் கடிச்சுக்கங்க” என்று மட்டும் சொல்லி அனுப்புவதால் வரும் வினை எங்களுக்குத் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, துப்பி, புதுப் பஞ்சு வைப்பார்கள். ஒவ்வொரு துப்பலிலும் குழியில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்கிறது. மூன்றாம் நாள் காது வரை இழுக்கும் வலியோடு வருவார்கள், குழி காலியாக இருக்கும், எலும்பு தெரியும்.

சொல்ல வேண்டிய முறை: 30 முதல் 45 நிமிடம் அழுத்திக் கடிக்கவும், எச்சிலை விழுங்கவும். 24 மணி நேரம் துப்பல், கொப்பளிப்பு, உறிஞ்சுகுழல், பீடி சிகரெட் எதுவும் கூடாது. மறுநாள் முதல் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்திருந்து தானாக வழியவிட வேண்டும். “எச்சில் இளஞ்சிவப்பா இருந்தா பயப்படாதீங்க, வாய் நிறைய ரத்தம்னா வாங்க” என்று வித்தியாசத்தையும் சொன்னால் நள்ளிரவு போன் குறையும்.

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ‘ரத்தம் நிக்காது’ என்று, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெலைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வருகிறார்கள். ஒரு பல்லுக்காகப் பெரும்பாலும் அதை நிறுத்தத் தேவையே இல்லை, அழுத்தமும் தையலும் போதும். நிறுத்தினால் ஸ்டென்டில் கட்டி உறையலாம். “என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று கேட்டால் “ஒண்ணுமில்லை” என்பார்கள், இன்றைக்குப் போடவில்லையே! “ஒரு வாரமா எதையாவது நிறுத்தியிருக்கீங்களா?” என்று கேளுங்கள்.

பல்செட் டெக்னீஷியன், கோவை

என் பக்கம் சின்னது. வளைந்துபோய் வரும் செட்டுகள் வெந்நீரில் போட்டவை. சொரசொரப்பாகி நாறுவது பேஸ்ட் போட்டுத் தேய்த்தவை. செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைப் பேஸ்ட் கீறிவிடும், கீறலில் பூஞ்சை குடியேறும். சோப்பும் தனிப் பிரஷ்ஷும் போதும். இரண்டாக உடைந்து வருவது கை நழுவி வாஷ்பேசினில் விழுந்தவை. கீழே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு அதன் மேல் கழுவினால் விழுந்தாலும் தப்பும். ராத்திரி கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட வேண்டும். “கழட்டினா பேரப்பிள்ளைங்க பயப்படும்” என்கிற தாத்தாவிடம், எல்லோரும் தூங்கியபிறகு கழற்றச் சொல்லியிருக்கிறோம்.