வைக்கோல் மூடாக்கில் உருளைக்கிழங்கு: கோலிக்குண்டு அளவிலேயே நின்னுடுது

கன்னங்குறிச்சி தோட்டம்:
10க்கு 4 அடி பாத்தி, செம்மண். சேலம் லீ பஜாரில் வாங்கின ஊட்டிக் கிழங்கை ரெண்டா வெட்டி, டிசம்பர் கடைசியில் மண்மேல் வச்சு அரை அடி வைக்கோல் போட்டாச்சு. செடி நல்லா வந்துச்சு. மார்ச்சில் கலைச்சா எல்லாம் கோலிக்குண்டு, பாதி பச்சை. கரையான் வேற. எங்கே தப்பு? ஏற்காட்டில் இதே முறை சரிவருமா?

அடிவாரத்துக்காரன்:
முதல் தப்பு தேதிங்க. கிழங்கு திரள ராத்திரி 20 டிகிரிக்குக் கீழே இருக்கணும். மண் சூடு 30ஐ நெருங்கினா செடி தழைக்கும், கிழங்கு கட்டாது. நட்டு 35, 40 நாள்லதான் திரள ஆரம்பிக்கும். உங்க கணக்குக்கு அது பிப்ரவரி, நம்ம ஊர்ல வெயில் ஏறுற நேரம். நவம்பர் நடுவில் மழை ஓய்ஞ்சதும் நடுங்க. அப்பவும் 1 கிலோ விதைக்கு 5 கிலோ வந்தாலே நல்ல விளைச்சல்.

பச்சைக்குக் காரணம் வெளிச்சம். அரை அடி வைக்கோல் தண்ணீர் பட்டுப் பட்டு நாலு விரற்கடையா அமுங்கிடும். பச்சைப் பகுதியில் சோலனின்கிற நச்சு இருக்கு, வேகவச்சாலும் போகாது.

முட்டை அளவு முழுக்கிழங்கா 20 எடுங்க, 1 கிலோ வரும். வெட்டின துண்டு ஈர மூடாக்கடியில் அழுகும். நடுறதுக்கு முன்னாடி நிழலான வெளிச்சத்தில் பரப்பினா முளை குட்டையா, தடிமனா வரும். சாக்குக்குள்ள வந்த வெள்ளை முளை நடும்போதே ஒடியும். மண்ணைக் கிளறி தொழுவுரம் ரெண்டு சட்டி, வேப்பம்பிண்ணாக்கு 1 கிலோ. ரெண்டு வரிசை, செடிக்குச் செடி 1 அடி. கிழங்கைப் பாதி புதைய அமுக்கி, முதல்ல நாலு விரற்கடை வைக்கோல் மட்டும். செடி முக்கால் அடி வந்ததும் ஒரு தடவை, பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை. அமுங்கின பிறகு 20 செ.மீ. நிக்கணும், அதுதான் கணக்கு. கையை விட்டுப் பாருங்க: அடி வைக்கோலைப் பிழிஞ்சா கையில் ஈரம் ஒட்டணும், சொட்டக்கூடாது. அடிவரை காய்ஞ்சா கரையான் வந்துடும்.

சேர்வராயன் மேடு:
ஊட்டிக் கிழங்கை விதைக்கு வைக்காதீங்க. நீலகிரியில் 1961ல் வேரைத் தாக்குற முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடிச்சாங்க. அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போக 1971ல் தடை வந்தது. புழு கிழங்கில் ஒட்டின மண்ணோடயே வந்துடும். சேலம் சூட்டில் அது பெருகுறது கஷ்டம். ஏற்காட்டு மண்ணில் ஏறினா பல வருஷம் போகாது. சான்று பெற்ற குஃப்ரி ஜோதி ரக விதைக்கிழங்கு வாங்குங்க.

ஏற்காட்டில் குளிருக்குக் குறையில்லை, பனிமூட்டம்தான் எதிரி. காலையில் இலையைத் திருப்பிப் பாருங்க. நனைஞ்ச மாதிரி பழுப்புத் திட்டு, அதன் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை இருந்தா பின்கருகல் நோய். அதன் வித்து மழைநீரோடு வைக்கோல் வழியா கிழங்குக்கு இறங்கும். அதனால மேல ரெண்டு அங்குலம் மண் அணைச்சு, அதுக்கு மேல மூடாக்கு. நடவு ஜனவரி கடைசி, பாசனத்தோட. நோய் வருமுன்னேன்னா மேன்கோசெப் பூஞ்சைக்கொல்லி, லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தெளிங்க. நோய் முத்திட்டா செடியை அறுத்து வெளியேத்தி, 10–15 நாள் கழிச்சுத் தோண்டுங்க. சில்வர் ஓக் இலையை முழுசாப் போட்டா ஓடு வேய்ஞ்ச மாதிரி தண்ணீரை வழிச்சு விட்டுடும், நொறுக்கிப் போடுங்க.

மரவள்ளிக்காடு:
எலியை யாரும் சொல்லலையே! வைக்கோல் மூடாக்கு எலிக்குப் பந்தி விரிச்ச மாதிரி. பாத்தியைச் சுத்தி ரெண்டு அடி சுத்தமா செதுக்கி வெறுந்தரையா விடுங்க.

கன்னங்குறிச்சி தோட்டம்:
நன்றிங்க. அதே பாத்தியில் நடலாமா?

அடிவாரத்துக்காரன்:
வேண்டாம். தக்காளி, கத்தரி வச்ச இடமும் வேண்டாம். இந்த வருஷம் அங்க தட்டைப்பயறு போடுங்க.