மறு: வீடியோ பிளேயர் – படமோட்டியா, படவோட்டியா?

அனைவருக்கும் வணக்கம்.

வீடியோ பிளேயருக்குத் தமிழ்ப் பெயர் கேட்டு நான் தொடங்கிய இழை மூன்று நாளில் எங்கெங்கோ போய்விட்டது. வீடியோவுக்குக் காணொளியா காணொலியா என்ற பழைய சண்டையில் நான் இறங்கப் போவதில்லை. அது தீரும்வரை காத்திருந்தால் என் கையேட்டைப் பேரன்தான் எழுதி முடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அந்தப் பெட்டிக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். பழைய வீடியோ கருவிகளைத் தேடிச் சேர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன், பக்கத்துக்குப் பத்து இடத்தில் அந்தச் சொல் வருகிறது, பத்து இடத்திலும் 'பிளேயர்' என்றே எழுதிக்கொண்டு போக மனசு வரவில்லை.

> 'காணொளி இயக்கி' என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது. ஆனால் இயக்கியைக் கணினிக்காரர்கள் 'டிரைவர்' என்பதற்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அது போகட்டும், பேச்சில் என்ன சொல்கிறோம் என்று பாருங்கள். படம் ஓடுகிறது. கேசட்டை முன்னால் ஓட்டு, பாட்டை ஓட்டிவிடு, கொஞ்சம் பின்னால் ஓட்டு. யாரும் இயக்கு என்று சொல்லிக் கேட்டதில்லை. வினை நம் வாயிலேயே இருக்கும்போது வேறு எங்கே தேட?

முதலில் 'படவோட்டி' என்று எழுதியிருந்தேன். படவு என்றால் சிறு படகு என்று அம்மா ஒருவர் சுட்டிக்காட்டினார், அகராதியைப் புரட்டினால் அப்படித்தான் இருக்கிறது, பெட்டி துடுப்புப் போடக் கிளம்பிவிட்டது. ஆகவே மகரத்தை விடாமல் படமோட்டி. படம் ஓட்டும் ஆளைக் குறிக்காதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வழிகாட்டி என்பது ஆளும்தான், பலகையும்தான், புத்தகமும்தான். இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம் இல்லையா.

> டெக் என்று ஊரே சொல்கிறது. அதையே வைத்துக்கொள்ளக் கூடாதா?

பேச்சில் நானும் டெக் என்றுதான் சொல்கிறேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அது நாடா போடுகிற பெட்டிக்கு மட்டும் வந்த பெயர். என் கையேட்டில் பாதி, நாடாவே இல்லாத கருவிகள். நாடாவிலும் பதிவு செய்யத் தெரிந்தது ஒன்று, ஓட்ட மட்டும் தெரிந்தது ஒன்று என்று இரண்டு உண்டு. 1975-இல் வந்த பீட்டாமேக்ஸ், 1976-இல் வந்த வி.எச்.எஸ். என்ற இரண்டு நாடா வகைகளின் பெரும்பாலான பெட்டிகள் இரண்டு வேலையும் செய்தன. அவற்றுக்குப் 'பதிவுப் படமோட்டி', மற்றதற்கு வெறும் படமோட்டி. போதும் என்று நினைக்கிறேன்.

இனி தட்டுக்கு வருகிறேன், எனக்கு உண்மையில் தலைவலி கொடுத்தது அதுதான்.

இசைத்தட்டு இருக்கிறது, எனவே வீடியோ டிஸ்க் படத்தட்டு. இதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் படத்தட்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சாதி. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் முதலில் விற்பனைக்கு வந்தது லேசர் டிஸ்க். 1981 மார்ச்சில் ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்தது செலக்டாவிஷன், சேகரிப்பவர்கள் சி.இ.டி. என்று சொல்லும் தட்டு. இரண்டும் கிட்டத்தட்ட இசைத்தட்டு அகலம், இரண்டும் வீட்டுத் தொலைக்காட்சியில் சினிமா காட்டின, ஒன்றின் தட்டு மற்றதில் நுழையக்கூட நுழையாது.

லேசர் டிஸ்க்குக்கு 'ஒளிப்படத்தட்டு' என்று வந்த பரிந்துரை கேட்க அழகு, ஆனால் ஒளிப்படம் என்றால் போட்டோ. தட்டில் போட்டோ ஒட்டியிருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். சீரொளி என்றால் லேசர், அதனால் சீரொளிப் படத்தட்டு என்றால் குழப்பம் இல்லை. சி.இ.டி.க்கு 'மின்தேக்கு மின்னணுத் தட்டு' என்று ஒருவர் எழுதியிருந்தார். கோபித்துக்கொள்ள வேண்டாம் ஐயா, அது பெயர் இல்லை, ஆங்கில எழுத்துகளை விரித்து வைத்திருக்கிறீர்கள். அதைக் கையில் வைத்திருப்பவருக்கு முதலில் தெரிவது உள்ளே ஒரு முள் இருக்கிறது என்பதுதான்.

அந்தத் தட்டைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். பிளாஸ்டிக் கூட்டோடு அப்படியே பெட்டியின் வாயில் தள்ள வேண்டும், வெளியே இழுத்தால் கூடு மட்டும் காலியாக வரும், தட்டு உள்ளேயே தங்கிவிடும். படம் முடிந்ததும் காலிக் கூட்டை மறுபடி நுழைத்து எடுத்தால் தட்டு அதில் ஏறிக்கொண்டு வரும். கைபடவே விடுவதில்லை, காரணம் இருக்கிறது: அங்குலத்துக்கு 9,000-க்கு மேல் பள்ளக்கோடுகள், விரல் ரேகையும் தூசியும் அதற்கு மலை மாதிரி. அந்தக் கோட்டில் ஊர்வது ஒரு வைரமுள், அதன் ஒரு முகத்தில் மெல்லிய டைட்டானியப் பூச்சு. பிளாஸ்டிக்கில் கரி கலந்திருப்பதால் தட்டு மின்சாரம் கடத்தும். பள்ளத்தின் அடித்தளம் மேடும் பள்ளமுமாக இருக்க, பூச்சுக்கும் தட்டுக்கும் இடையே மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் திறன், கூடிக் குறைகிறது, அந்தக் கூடல் குறைச்சல்தான் படம். எனவே முள் படத்தட்டு.

நடைமுறையில் வேறுபாடு எங்கே தெரியும் என்றால் படத்தை நிறுத்தும்போது. சீரொளிப் படத்தட்டின் ஒரு வகை நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றும், சுற்றுக்கு ஒரு சட்டகம் (ஃபிரேம்), அதே சுற்றைத் திரும்பத் திரும்பப் படித்தால் படம் அசையாமல் நிற்கும், ஒரு பக்கத்தில் 54,000 சட்டகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முள் படத்தட்டு 450 சுற்றுதான், சுற்றுக்கு நான்கு சட்டகம். அதே சுற்றில் முள் நின்றால் நான்கு சட்டகமும் மாறி மாறித் துள்ளும். அதனால் அந்தப் பெட்டியில் நிறுத்தப் பொத்தானை அழுத்தினால் முள் மேலே எழும்பிவிடும், திரை வெறிச்சோடிவிடும். 1984-இல் ஆர்.சி.ஏ. இந்தப் பெட்டியைச் செய்வதையே நிறுத்திவிட்டது, பதிவும் செய்யத் தெரியாத பெட்டி நாடாவோடு எத்தனை நாள் மல்லுக்கட்டும்.

போகிற போக்கில் இன்னொரு சொல். லேசர் டிஸ்க் சேகரிப்பவர்கள் பயப்படுகிற 'லேசர் ராட்'. இதை 'லேசர் அழுகல்' என்று எழுதியிருப்பவருக்கு என் கடும் மறுப்பு. லேசர் அந்தத் தட்டை ஒன்றும் செய்வதில்லை, பாவம். உள்ளே இருக்கும் அலுமினியப் படலம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது, பெரும்பாலும் இரண்டு பாதியையும் ஒட்டிய பசை சரியில்லாததால். மேலே பளபளவென்று இருக்கும், போட்டால் திரையெங்கும் வண்ணப் புள்ளிகள் பொரியும். வெளியே வெள்ளையாக இருந்து உள்ளே அரித்த பல்லை என்ன சொல்வோம்? சொத்தை. தட்டுச் சொத்தை.

நாடாப் பெட்டிக்காரர்களின் கவலை வேறு, அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. போன வருடம் ஒரு பழைய பதிவுப் படமோட்டி வாங்கினேன், விற்றவர் 'நன்றாக ஓடும்' என்றார். திறந்தால் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகிக் கப்பியில் ஒட்டிக் கிடக்கிறது. ஸ்பிரிட் போட்டு இரண்டு நாள் துடைத்தேன், விரலிடுக்கில் கறுப்பு ஒரு வாரம் போகவில்லை. (பெல்ட்டுக்கு யாரும் கலைச்சொல் தேட வேண்டாம், வார் என்று ஒன்று இருக்கவே இருக்கிறது.)

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

---

ஐயா, வணக்கம்.

படமோட்டி சரி. தட்டுச் சொத்தையும் சரி, படித்ததும் சிரித்துவிட்டேன். முள் படத்தட்டில்தான் இரண்டு சந்தேகம்.

1983-இல் ஜே.வி.சி. நிறுவனம் ஜப்பானில் விற்ற வி.எச்.டி. தட்டும் மின்தேக்க வகைதான், கூட்டுக்குள் வருவதுதான், ஆனால் அதில் பள்ளமே கிடையாது. சமதளத்தில் முள் வழுக்கிக்கொண்டு போகும், பாதை பிசகாமல் இருக்கத் தட்டிலேயே தனிக் குறிகள் பதித்திருப்பார்கள். அதையும் இதே பெயரில் அடக்குவீர்களா?

அப்புறம், 1975-இல் டெலிஃபங்கன், டெக்கா நிறுவனங்கள் ஜெர்மனியில் விட்ட டெட் தட்டு. பிளாஸ்டிக் தாள் மாதிரி வளையும், ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஓடும். அதற்கும் முள் உண்டு, ஆனால் அது அழுத்தத்தை உணரும் முள், மின்தேக்கமே இல்லை. 'நெகிழ்தட்டு' என்று வைக்கலாமா?

---

நல்ல கேள்விகள்.

வி.எச்.டி.யும் முள் படத்தட்டுதான். பெயர் முள்ளால் வந்தது, பள்ளத்தால் இல்லை. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் பள்ள வகை, சமதள வகை என்று எழுதிக்கொள்கிறேன். நேற்று நான் மின்தேக்கத்தைப் பெயரில் சேர்க்காமல் விட்டது இப்போது கைகொடுக்கிறது, டெட் தட்டும் உள்ளே வந்துவிடும்.

நெகிழ்தட்டு மட்டும் வேண்டாம். ஃபிளாப்பிக்கு நெகிழ்வட்டு என்று ஆகிவிட்டது, கண் தவறிப் படிப்பார்கள். தாள் மாதிரி மெல்லிசு என்றால் ஏடு. பாலின் மேல் படிவதும் ஏடுதான், எழுதுகிற ஓலையும் ஏடுதான். ஏட்டுத்தட்டு என்று குறித்துவைத்திருக்கிறேன், யாருக்காவது உறுத்தினால் சொல்லுங்கள்.

ஹெலிகல் ஸ்கேன் பாக்கி இருக்கிறது, நாடாவில் படத்தைப் பதிந்து படிக்கும் முறை அது. 'சுருள் வருடல்' என்று ஒருவர் தனி மடலில் அனுப்பியிருந்தார். வி.எச்.எஸ். நாடா விநாடிக்கு மூன்றரை சென்டிமீட்டர்கூட நகராது, படிக்கும் தலைகள் பொருத்திய உருளை மட்டும் சாய்ந்தபடி விநாடிக்கு 25 அல்லது 30 சுற்று சுற்றும், அதனால் நாடாவில் விழுவது குறுக்காகச் சாய்ந்த நேர்கோடுகள். நாடாவை விரித்து வைத்துப் பார்த்தால் சுருளே இல்லை. 'சாய்வு வருடல்' என்பேன். சுருள்தான் வேண்டும் என்பவர்கள் நாளைக்குள் எழுதுங்கள், நாளை மறுநாள் அந்த அத்தியாயத்தை அச்சுக்கோப்பவரிடம் கொடுக்கிறேன்.