அம்மாவின் கொழுந்துத் துண்டுகளும் என்னுடைய 38 புள்ளியும்: நிகழ்தகவு, புள்ளிவிபரம் பழக உதவி வேண்டும்

லயத்துப் பிள்ளை (தரம் 11)

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உள்ளே போனால் எங்கள் தேயிலைத் தோட்டம். பேர் வேண்டாம், ஏன் என்று வாசிக்கும்போது புரியும்.

இரண்டாம் தவணையில் கணிதத்துக்கு 38 புள்ளி. அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் பரவாயில்லை. நிகழ்தகவிலும் புள்ளிவிபரத்திலும்தான் கவிழ்ந்துவிட்டேன். அடுத்த புதன்கிழமை இந்த இரண்டுக்கும் மட்டும் வகுப்பில் தனியாக ஒரு பரீட்சை வைக்கிறார்கள். பாஸ்ட் பேப்பர் புத்தகம் வகுப்பில் ஒன்றுதான் சுற்றுகிறது. என் முறை வர வெள்ளிக்கிழமை ஆகும்.

அதுவரை சும்மா இருக்க முடியாமல், சாமிப்படத்துக்குப் பின்னால் அம்மா செருகி வைத்திருந்த கொழுந்துத் துண்டுகளை எடுத்தேன், ஒவ்வொரு நாளும் அவர் பறித்த கொழுந்தின் கிலோ எழுதின சீட்டுகள். ஜூலை மாதம், இரண்டு கிழமை, ஞாயிறு இல்லாமல் 12 நாள். கிலோக் கணக்கு இது:

21, 19, 22, 20, 9, 23, 20, 18, 20, 7, 21, 16

9உம் 7உம் விழுந்த நாட்களில் விடாத மழை. 7 கிலோத் துண்டில் எழுத்தே கரைந்து போயிருந்தது, அம்மாதான் சொன்னார். எல்லாவற்றையும் கூட்டினேன், 216. பன்னிரண்டால் பிரித்தால் இடை 18. ஆகாரம், அதாவது அதிக தடவை வந்த எண், 20. இடையத்துக்கு நடுவில் இருக்கிற 6ஆவதையும் 7ஆவதையும் எடுத்தேன், 23உம் 20உம். கூட்டி இரண்டால் பிரித்தால் 21.5. இது சரியா?

எங்களுக்கு ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் வேலைக் கணக்குக்கு, 18 கிலோ. குறைந்தால் அரைப்பேர். அதனால் அம்மாவிடம் பெருமையாக, "உங்கள் இடை சரியாக ஒரு பேர்" என்றேன். அம்மா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டே, "அப்ப எனக்கு ஏன் மூணு நாள் அரைப்பேர் விழுந்துச்சு?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. கணக்குப் பிழையா, நான் பிழையா?

பரீட்சையில் பிழை விட்ட மூன்று கணக்கையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்று. இரண்டு நாணயங்களைச் சுண்டினால் ஒரு தலையும் ஒரு பூவும் விழுவதற்கான நிகழ்தகவு. இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்றும் ஒன்றும் என்று மூன்று விதம்தானே? 1/3 என்று எழுதினேன். பிழை.

இரண்டு. பையிலிருந்து மீள வைக்காமல் இரண்டு மாபிள் எடுக்கும் கணக்கு. மரவரிப்படம் கீறினேன். இரண்டாம் கிளையில் என்ன போடுவது என்று தெரியாமல் முதல் கிளையையே பார்த்துப் போட்டுவிட்டேன்.

மூன்று. 40 பேர் ஒரு நாள் பறித்த கொழுந்தை வகுப்பாயிடையாகக் கொடுத்து இடை கேட்டார்கள். 6–10 கிலோ 3 பேர், 11–15 கிலோ 5 பேர், 16–20 கிலோ 14 பேர், 21–25 கிலோ 12 பேர், 26–30 கிலோ 6 பேர். எனக்கு 31 வந்தது. சேர் அதைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு விட்டிருக்கிறார், ஒன்றும் எழுதவில்லை.

பழைய சோக்கட்டி

மகள், பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் கரும்பலகைத் தூசி குடித்த ஆள். உன் சேர் வட்டம் மட்டும் போட்டதன் காரணம் எனக்குத் தெரியும், கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இடையம். துண்டுகளை ஏறுவரிசையில் அடுக்காமல் நடுவைத் தொடாதே. நீ எடுத்தது ஒரு சனிக்கிழமையும் அடுத்த திங்கட்கிழமையும், அவ்வளவுதான். அவை நாட்காட்டிக்கு நடு, கிலோவுக்கு நடு அல்ல. அடுக்கிப் பார்:

7, 9, 16, 18, 19, 20, 20, 20, 21, 21, 22, 23

இப்போது 6ஆவதும் 7ஆவதும் 20, 20. இடையம் 20. உன் 21.5ஐவிட அதிகமாக எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணு. இரண்டே நாள். நடு என்றால் இரு பக்கமும் ஆறு ஆறு இருக்க வேண்டாமா?

இனி அம்மாவின் கேள்வி. நான் வகுப்பில் வருஷக்கணக்காகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. உன் கூட்டல் பிழையில்லை, இடை 18தான். ஆனால் அந்த மழை நாள் இரண்டையும் கையால் மறைத்துவிட்டுக் கூட்டு. பத்து நாளில் 200 கிலோ, இடை 20. இரண்டே இரண்டு துண்டு சேர்ந்து இடையை 2 கிலோ கீழே இழுத்துவிட்டன. அந்த இரண்டையும் மறைத்துவிட்டு இடையத்தையும் எடுத்துப் பார், அது 20இலேயே நிற்கும். ஓரத்தில் கிடக்கிற பெறுமானம் இடையை இழுக்கும், இடையத்தை அவ்வளவாக அசைக்காது. "எந்த மையப் பெறுமானம் பொருத்தமானது, காரணம் தருக" என்று கேட்டால் இதைத்தான் எழுத வேண்டும்.

அம்மாவுக்கு விழுந்த அரைப்பேர் வேறு கணக்கு. பேர் போடுவது நாளுக்கு நாள். 23 கிலோ எடுத்த அன்று மிஞ்சிய 5 கிலோவை 7 கிலோ நாளுக்குக் கொண்டுபோய்க் கொட்ட முடியாது. இடை எடுப்பது என்றால் அதைத்தான் செய்கிறோம், எல்லா நாளையும் ஒரே கூடையில் கொட்டிச் சமமாகப் பிரிக்கிறோம். 18க்குக் கீழே 7, 9, 16 என்று மூன்று நாள். அம்மா சொன்னது முற்றிலும் சரி.

இதே துண்டில் எடுத்துக்கொண்ட இடையையும் பழகிவிடு, இடை இதுவாக இருக்கும் என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டு திருத்தும் முறை அது. 20 என்று எடுத்துக்கொள். விலகல்கள் 1, −1, 2, 0, −11, 3, 0, −2, 0, −13, 1, −4. கூட்டினால் −24. பன்னிரண்டால் பிரிக்க −2. இருபதிலிருந்து இரண்டு போனால் 18. பெரிய எண் ஒன்றுமே கூட்டவில்லை பார். எடுத்துக்கொண்ட இடையை 18 என்றோ 15 என்றோ மாற்றிச் செய்தாலும் விடை மாறக்கூடாது. மாறினால் குறி பிசகியிருக்கிறது.

அந்த 31. நடுப்பெறுமானங்கள் 8, 13, 18, 23, 28. எடுத்துக்கொண்ட இடை 18 என்றால் விலகல்கள் −10, −5, 0, 5, 10. மீடிறனால், அதாவது அந்தந்த வரிசையில் உள்ள ஆட்களின் எண்ணிக்கையால், பெருக்கினால் −30, −25, 0, 60, 60. கூட்டுத்தொகை 65. இதுவரை நீயும் சரியாகத்தான் வந்திருப்பாய், ஏனென்றால் 65ஐ 5ஆல் பிரித்தால்தான் 13 வரும், 18உம் 13உம் சேர்ந்தால்தான் 31 வரும். வரிசைகள் ஐந்து என்பதால் ஐந்தால் பிரித்திருக்கிறாய். நிறுத்தது ஐந்து வரிசையையா, 40 பேரையா? 65ஐ 40ஆல் பிரி, 1.625. இடை 19.625, கிட்டத்தட்ட 19.6 கிலோ.

சேர் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்றால், அந்த அட்டவணையில் 30 கிலோவுக்கு மேல் எடுத்த ஆளே இல்லை. பிறகு எப்படி எல்லோருக்கும் சராசரி 31? அதை நீயே பார்க்க வேண்டும் என்றுதான் வட்டம். நானும் அப்படித்தான் போடுவேன், பிள்ளைகள் திட்டுவார்கள்.

சாதாரண தரப் பரீட்சையில் கணித வினாப்பத்திரம் I இன் B பகுதியில் ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. நிகழ்தகவும் புள்ளிவிபரமும் அங்கே எட்டிப் பார்க்காத வருஷம் அபூர்வம். விடாதே.

மடுவத்துக் கணக்கு

நான் மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று கிலோ எழுதுகிற ஆள். வேறு தோட்டம். தங்கச்சி, உங்கள் துண்டில் இருப்பது கழித்த பிறகு எழுதின கிலோவா, முன்னால் எழுதினதா? சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிப்பது உண்டு, அதைக் கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். நான் கழிக்கிறவன்தான், அதனால் எனக்குத் தெரியும். திட்டுவதென்றால் திட்டுங்கள், கிலோவை நான் முடிவு செய்வதில்லை.

பேராதனை மழை

தங்கச்சி, நாணயக் கணக்கில் பிழை விட்டதற்கு வெட்கப்பட வேண்டாம். 1754இல் பிரான்சின் பெரிய கலைக்களஞ்சியத்தில் தாலம்பேர் என்ற கணிதமேதையே இதில் சறுக்கினார். இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அவருடைய கணக்கு. முதல் முறையே தலை விழுந்தால் அத்தோடு ஆட்டம் முடிந்தது, ஆகவே தலை, பூ–தலை, பூ–பூ என்று மூன்று விதம்தான், விடை 2/3 என்றார். உண்மையில் 3/4. மூன்று விதம் என்பது சரி, அவை மூன்றும் சம வாய்ப்புள்ளவை என்று நினைத்ததுதான் பிழை. உங்களுடையதும் அதே பிழைதான்.

ஒரு 5 ரூபாக் குத்தியும் ஒரு 10 ரூபாக் குத்தியும் எடுங்கள். 5இல் தலை 10இல் பூ என்பது ஒன்று, 5இல் பூ 10இல் தலை என்பது இன்னொன்று. மாதிரிவெளியில், அதாவது விழக்கூடிய எல்லா விதங்களையும் சேர்த்தால், நான்கு புள்ளி. ஒரு தலையும் ஒரு பூவும் என்பதற்கு 2/4, அதாவது 1/2. நெய்யரி (கட்டம் கட்டமான படம்) கீறிப் புள்ளி போட்டால் இந்தக் குழப்பமே வராது. நம்பாவிட்டால் ராத்திரி அறுபது தடவை சுண்டிப் பாருங்கள்.

மரவரிப்படத்துக்கு மாபிளை விடுங்கள், அம்மாவின் துண்டுகளையே ஒரு பால்மா டின்னில் போடுங்கள். முழுப்பேர் 9, அரைப்பேர் 3. கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் அரைப்பேராக இருப்பதற்கு 3/12. அதைத் திருப்பிப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு டின்னைத் திறந்து எண்ணுங்கள். மொத்தம் 11, அரைப்பேர் 2. இரண்டாம் கிளையில் அதைத்தான் எழுத வேண்டும், 2/11. பக்கத்தில் 9/11. முதலில் முழுப்பேர் வந்திருந்தால்? நீங்களே டின்னைத் திறந்து பாருங்கள், நான் சொல்லமாட்டேன். ஒரு முனையிலிருந்து பிரியும் கிளைகள் கூட்டினால் 1 வர வேண்டும். கிளை வழியே போகும்போது பெருக்கல், வெவ்வேறு வழிகளைச் சேர்க்கும்போது கூட்டல்.

ஒரு கேள்வி தருகிறேன். இரண்டு துண்டு எடுத்தால் குறைந்தது ஒன்றாவது அரைப்பேராக இருக்க நிகழ்தகவு என்ன?

அப்புறம் இன்னொன்று, இது பரீட்சைக்கு இல்லை. உங்கள் பன்னிரண்டும் ஜூலைத் துண்டுகள். ஹட்டன் பக்கம் தென்மேல் பருவமழை கொட்டுகிற காலம். அதை வைத்து "அம்மாவின் வருஷத்து இடை 18" என்று சொல்லிவிட முடியாது.

பழைய சோக்கட்டி

அதே ஜூலையில் எங்கள் ஊவாப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும். தேயிலைக்கு வாசம் ஏறுகிற காலமே அதுதான். ஒரே மாதம், ஒரே மலைநாடு, இரண்டு விதமான துண்டு.

லயத்துப் பிள்ளை (தரம் 11)

சேர், அண்ணன், எல்லோருக்கும் நன்றி. நேற்று கரண்ட் இல்லை, அதனால்தான் தாமதம்.

குத்தி சுண்டினோம். தம்பி சுண்டினான், நான் மெழுகுதிரி வெளிச்சத்தில் கோடு போட்டேன். 60 தடவையில் இரண்டும் தலை 14, இரண்டும் பூ 15, ஒன்றும் ஒன்றும் 31. என் 1/3 சரியாக இருந்தால் இருபதுக்குக் கிட்ட வந்திருக்க வேண்டும். பத்து ரூபா ஒரு தடவை கட்டிலுக்குக் கீழே போய்விட்டது, அந்தச் சுண்டலை நாங்கள் எண்ணவில்லை.

மடுவத்து அண்ணன் கேட்டதை அம்மாவிடம் கேட்டேன். துண்டில் இருப்பது கழித்த பிறகுதானாம். தினமும் 2 கிலோ, வெயிலானாலும் மழையானாலும். சரி என்று எல்லாவற்றிலும் இரண்டைத் திருப்பிக் கூட்டிப் பார்த்தேன். இடை 20, இடையம் 22, ஆகாரம் 22. வீச்சு மட்டும் மாறவேயில்லை, முன்னாலும் 16, இப்போதும் 16. எல்லாம் ஒரே அளவு நகர்ந்தால் நுனிக்கும் அடிக்கும் உள்ள தூரம் அப்படியே இருக்கும்தானே? எடுத்துக்கொண்ட இடையும் இதே வேலைதான் என்று அப்போதுதான் விளங்கியது.

இன்னொன்றும் பார்த்தேன். 16 கிலோ நாள் கழிக்காவிட்டால் 18. அன்றைக்கு முழுப்பேர் விழுந்திருக்கும். அரைப்பேர் 3/12 இலிருந்து 2/12 ஆகிவிடும். இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அந்தத் துண்டை மட்டும் டின்னிலிருந்து எடுத்துத் திரும்பவும் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

பேராதனை அண்ணன் கேட்ட கேள்விக்கு 12 துண்டையும் வைத்தே செய்தேன். முதலில் முழுப்பேர் வந்தால் மிச்சம் முழுப்பேர் 8, அரைப்பேர் 3. அதனால் கிளையில் 8/11, 3/11. இரண்டும் அரைப்பேர் 3/12 × 2/11 = 6/132. முதலில் அரைப்பேர் பிறகு முழுப்பேர் 27/132. முதலில் முழுப்பேர் பிறகு அரைப்பேர் அதே 27/132. மூன்றையும் கூட்டி 60/132. சரியா?

பேராதனை மழை

சரி. மூன்று வழியையும் கூட்டிய நேரத்தில் ஒரே வழியில் முடித்திருக்கலாம். "குறைந்தது ஒன்று" என்று கேட்டால் அரைப்பேரே வராத வழியைக் கண்டுபிடித்து 1 இலிருந்து கழியுங்கள். 9/12 × 8/11 = 72/132. மிச்சம் 60/132. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் புதன்கிழமை நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போகலாம்.

பழைய சோக்கட்டி

60/132ஐ அப்படியே விட்டுவிட்டு எழும்பாதே மகள். பன்னிரண்டால் சுருக்கு, 5/11.