வெட்டு மெசின் தேய்மானக் கணக்கு: புதுப்பிப்பு

கிளிநொச்சியில் நானும் மச்சானும் பங்குக்கு வாங்கின நெல் வெட்டு மெசினுக்குப் பெறுமானத் தேய்வு (பாவிக்கப் பாவிக்கக் குறையிற பெறுமதியை வருசாவருசம் செலவா எழுதுறது) எந்த முறையில போடுறது எண்டு முன்னம் கேட்டிருந்தன். விலை 48 இலட்சம், எச்சப் பெறுமதி (ஆயுள் முடிய வித்தா வரும் எண்டு நினைக்கிற காசு) 8 இலட்சம், ஆயுள் 8 வருசம்.

முதல்ல என்ர பிழை. குறைந்து செல்லும் மீதி முறையில (வருசாவருசம் மிஞ்சிற பெறுமதிக்கு ஒரே வீதம் போடுறது) எச்சப் பெறுமதியைக் கழிச்சுப்போட்டு 40 இலட்சத்துக்கு 20% போட்டு 8 இலட்சம் எண்டு எழுதியிருந்தன். ஒரு அண்ணை பிடிச்சுச் சொன்னார், அவருக்கு நன்றி. இந்த முறையில எச்சத்தை முதல்ல கழிக்கிறேல்ல. முழு 48க்கும் 20% போட்டா முதல் வருசம் 9.6 இலட்சம், அடுத்தது மிச்சம் 38.4க்கு 7.68 இலட்சம். நேர்கோட்டு முறையெண்டா எச்சம் போக 40 இலட்சத்தை 8 வருசத்துக்குச் சமனாப் பிரிச்சு வருசாவருசம் 5 இலட்சம், சோலி இல்லை.

ஆனா கடைசியா எடுத்தது மணித்தியாலக் கணக்கு, மெசின் ஓடின நேரத்துக்கு மட்டும் தேய்வு போடுறது. இரணைமடுக் குளத்தில தண்ணி குறைஞ்சா சிறுபோக (கோடைகால நெல்) விதைப்பும் சுருங்கும், மெசின் கொட்டிலுக்கதான் நிக்கும். நிண்ட மெசினுக்கும் ஓடின மெசினுக்கும் ஒரே தேய்வோ? மொத்தம் 4,000 மணித்தியாலம் ஓடும் எண்டு வைச்சா, அந்த 40 இலட்சத்துக்கு மணிக்கு 1,000 ரூபா. காலபோகம் (மாரிகால நெல்) 450 மணித்தியாலம், சிறுபோகம் 150 ஓடினா 6 இலட்சம். சிறுபோகம் இல்லாட்டி 4.5தான். மெசின் ஓடின மணித்தியாலம் காட்டுற மீற்றரை ஒழுங்கா எழுதி வைக்கவேணும், அதுதான் மச்சானோட இழுபறி.

முறையை இடையில மாத்தலாமோ எண்டு கேட்டவைக்கு: பாவனை மாறினா மாத்தலாம். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 அதை மதிப்பீட்டு மாற்றமாத்தான் பார்க்குது, பழைய வருசங்களைத் திருத்தத் தேவையில்லை. வருமான வரிக்கு இந்தக் கணக்கு உதவாது, அங்க மூலதனப் படி (தேய்வுக்குப் பதிலா வரிச் சட்டம் விடுற கழிவு) வேற.